காலையில் எழமாட்டாத மருமகள்

1. குற்றச்சாட்டு

எஸ்தர் என் கிளினிக்குக்கு வந்த முதல் நாளில், நானாகக் கேட்கும்வரை அவள் வாயே திறக்கவில்லை. கூட வந்த மாமியார் ஞானம்மாள்தான் பேசினார்.

“நீங்களே நியாயத்தச் சொல்லுங்க டாக்டரம்மா. காலைல எந்திரிடின்னா மரக்கட்டையாட்டம் கெடக்கா. பிள்ளையக் குளிப்பாட்டுதது, சோறு கட்டிக் குடுக்கது எல்லாம் நாந்தான். வெயில் ஏறிட்டுன்னா தையல் யூனிட்டுக்கு விறுவிறுன்னு நடந்தே போறா. அங்க எல்லாருக்கும் முன்னால தச்சு முடிக்கா. வலின்னா நாள் பூரா வலிக்கணும்லா? வீட்டு வேலை கெடக்க நேரம் பாத்தா வலிக்கும்?”

எஸ்தர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட் ஒன்றில் டெய்லர். சில வருடங்களாகவே இடுப்பு வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பெல்ட் போட்டுக்கொண்டு ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ரெஸ்ட் எடுத்தால் வலி கூடியது. அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. முந்தின வாரம் வீட்டில் பேச்சு முற்றி, கணவர் டேவிட், “மம்சாபுரத்துல உங்க அம்மா வீட்ல போயி கொஞ்ச நாள் இரு. சரியானதும் வா. பிள்ளை இங்க இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை காட்டிவிடலாம் என்றுதான் ராஜபாளையத்துக்கு வந்திருந்தார்கள்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் நான் பிசியோதெரபி கிளினிக் போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பிலாட்டிஸ் என்கிற உடற்பயிற்சி முறை மட்டும் புதுசு. கோயம்புத்தூரில் தங்கி அதைப் படித்துவிட்டு வந்து, ரிஃபார்மர் என்கிற மெஷினையும் வாங்கிப் போட்டிருந்தேன். நீளமான கட்டில் மாதிரி இருக்கும். நடுவில் உருண்டு நகரும் பலகை, கால்மாட்டில் ஸ்பிரிங்குகள். உடம்பைச் சுமந்துகொள்ள ஸ்பிரிங் உதவும், தேவைப்பட்டால் எதிர்த்தும் நிற்கும். ஊரில் அதற்கு ஸ்பிரிங் கட்டில் என்று பேர் வைத்துவிட்டார்கள். “சினிமாக்காரிய ஒடம்பு கொறைக்கதுக்குப் பண்ணுதது இதுதான?” என்று கேட்காத ஆளே இல்லை.

ஞானம்மாள் சொல்லச் சொல்ல நான் குறுக்கே பேசவில்லை. அவர் குற்றமாகச் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு ஒரு நோயின் அடையாளமாகக் கேட்டது.

“நடந்தா வலி எப்படி இருக்கும்மா?” என்று எஸ்தரிடம் கேட்டேன்.

“கொறையும் மேடம்.”

“படுத்திருந்தா?”

“விடியக்காலம் வலியே எழுப்பி விட்டுரும். பொறவு திரும்பிப் படுக்கக்கூட முடியாது. பிட்டத்துல ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் குடையும்.”

அவள் பையிலேயே இஞ்ச் டேப் இருந்தது. அதை வாங்கி அவள் மார்பைச் சுற்றிப் பிடித்தேன். மூச்சை முழுக்க விடச் சொல்லி ஓர் அளவு, முழுக்க இழுக்கச் சொல்லி ஓர் அளவு. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள் குனிந்து டேப்பைப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒரே அளவால்லா இருக்கு மேடம்!”

“ஆமா. மூச்சிழுத்தா கூடணும். ஏன் கூடலை, அதான் கேள்வி” என்றேன்.

அன்றைக்கு அவளை ஸ்பிரிங் கட்டிலில் ஏற்றவில்லை. மதுரையில் வாத நோய் நிபுணர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்துப் பார்த்தார். அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பும் இடுப்பும் சேரும் மூட்டில் அழற்சி. கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பின் கணுக்கள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அசையாமல் கிடந்தால் இறுகும், அசைந்தால் இளகும். அதனால்தான் காலையில் மரக்கட்டை, மத்தியானம் ஓட்டம்.

எஸ்தர் ரிசல்ட்டை என்னிடம் காட்டியபோது அழுதாள். பயத்தில் என்று நினைத்தேன்.

“இல்ல மேடம். பேருன்னு ஒண்ணு இருக்குல்லா. நான் நடிக்கலை.”

2. தீபாவளி ஆர்டர்

அழற்சியை அடக்க மருந்து. உடம்பு இறுகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. மம்சாபுரம் பேச்சை டேவிட் தள்ளிவைத்தார். கைவிடவில்லை, தள்ளித்தான் வைத்தார்.

முதலில் மூச்சில்தான் தொடங்கினேன். பிலாட்டிஸில் மூச்சை வயிற்றுக்கு அனுப்பாமல், விலாவின் பக்கவாட்டுக்கும் முதுகுப்பக்கத்துக்கும் அனுப்பப் பழக்குவோம். இந்த நோயில் விலா எலும்புகளின் மூட்டும் இறுகிவிடும் என்பதால் எஸ்தருக்கு அதுதான் முதல் மருந்து. பிறகு ரிஃபார்மரில் படுத்தபடி காலால் பலகையைத் தள்ளுவது, பக்கவாட்டில் சாய்வது, முதுகைத் திருப்புவது, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது. அவளுக்கு உடம்பு இளகிக்கொண்டு வந்தது. எனக்கும் உற்சாகம்.

அந்த நேரத்தில் தீபாவளி ஆர்டர் வந்தது. யூனிட்டில் எல்லோரும் ஸ்டூலை விட்டு எழாமல் தைத்தார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று எஸ்தரும் பயிற்சியை விட்டுவிட்டு நாள் முழுக்கக் குனிந்து தைத்தாள். வலி பழையபடி பிடித்துக்கொண்டது.

ஞானம்மாள் போன் பண்ணினார். “ஒங்க கட்டில்ல போட்டு இழுத்துத்தான் இந்தக் கதி. அம்புட்டுத்தான், இனிமே அவ வர மாட்டா. மம்சாபுரத்துக்கே அனுப்பிருதோம்.”

போனில் விளக்கிப் பிரயோசனம் இல்லை. “சரிம்மா, அனுப்புங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு நாள் விடியக்காலம் நான் உங்க வீட்டுக்கு வாரேன். செத்த நேரம் இருந்துட்டுப் போயிருதேன்” என்றேன்.

“வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றார். சம்மதம் மாதிரி இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

3. விலாவில் வைத்த கை

முதல் பஸ்ஸில் போனேன். ஞானம்மாள் அடுப்படியில் இருந்தார். “உள்ளதான் கெடக்கா, பாருங்க” என்றார்.

“நீங்களும் வாங்கம்மா. ஒண்ணும் சொல்லாம நில்லுங்க, போதும்.”

எஸ்தர் விழித்துத்தான் கிடந்தாள். எழுந்திருக்கச் சொன்னேன். முதலில் கையை நீட்டி ஜன்னல் கம்பியைத் தேடினாள். கழுத்தும் தோளும் இடுப்பும் தனித்தனியாகத் திரும்பவில்லை. உடம்பு மொத்தமும் ஒரே பலகையாகப் புரண்டது. பாதிப் புரளலில் நின்றுபோனது. பக்கத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முழித்துவிடக் கூடாது என்று எஸ்தர் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். நெற்றி வியர்த்துவிட்டது.

அடுப்படியில் இருந்தபடியே “எந்திரிடி” என்று குரல் கொடுத்துப் பழகியவர் ஞானம்மாள். மருமகள் எழுவதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நின்று பார்த்தது அன்றுதான். தூக்கிவிடப் போனார். நான் தடுத்தேன்.

“அம்மா, உங்க ரெண்டு கையையும் அவ விலாவுல வைங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. எஸ்தர், மூக்கால மூச்சிழுத்து அத்தையோட கையத் தள்ளு.”

காத்திருந்தோம்.

“தள்ளச் சொல்லுங்க டாக்டரம்மா” என்றார் ஞானம்மாள்.

“தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன் அத்த” என்றாள் எஸ்தர்.

ஞானம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். அவை இம்மியும் நகரவில்லை.

“ஏட்டி, இந்த மூச்ச வச்சிக்கிட்டா இம்புட்டு நாளும் காலத்த ஓட்டுன?”

வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. அவரை அப்படியே இருக்கவிட்டு நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன், முழங்காலை மடக்கி இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டுவது. இடுப்பைச் சின்னதாக உருட்டுவது. ஒருக்களித்துப் படுத்து, மேல் கையைப் புத்தகம் திறப்பதுபோல் திறப்பது. ஒவ்வொன்றுக்கும் மூச்சு எங்கே என்று ஞானம்மாளே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். முடித்துவிட்டு எஸ்தர் எழுந்து, சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடந்தாள். டேவிட் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“மம்சாபுரத்துக்கு யாரும் போக வேண்டாம்லே” என்று ஞானம்மாள் மகனிடம் சொன்னார். “நான் பாத்துக்கிடுதேன்.”

4. பாட்டு

அன்றிலிருந்து அந்த வீட்டில் “எந்திரிடி” என்ற குரல் போய், “மூச்ச இழு” என்ற குரல் வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை மாமியாரும் மருமகளுமாகக் கிளினிக்குக்கு வந்தார்கள். ரிஃபார்மர் பலகை தடதடவென்று மோதிய காலம் போய், சத்தமில்லாமல் போய்த் திரும்பியது. கழுத்து திரும்பியது. டேப் நகர்ந்தது. முதலில் நூலளவு, பிறகு எஸ்தர் கைதட்டிச் சிரிக்கும் அளவு. யூனிட்டிலும் ஒரு கட்டுத் துணி முடிந்ததும் எழுந்து நின்று முதுகைத் திருப்பிவிட்டுத்தான் அடுத்த கட்டை எடுப்பாள். அவளைப் பார்த்து மற்ற டெய்லர்களும் எழ ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து எழுந்தவள், “மேடம், பாட்டு வருது” என்றாள்.

கல்யாணத்துக்கு முன் சர்ச் பாடகர் குழுவில் பாடியவளாம். ஒரு வரி முடிவதற்குள் மூச்சு நின்றுவிடுவதால் விட்டுவிட்டாள். ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனையில் பாடப் போகிறேன், நீங்கள் வர வேண்டும் என்றாள். யோசித்துப் பாருங்கள், விடியற்காலம்! அவளுடைய உடம்பு பல வருடங்களாகத் தோற்றுக்கொண்டிருந்த நேரம் அது.

போனேன். முன்வரிசையில் நின்றாள். ஒரு சரணம் முழுக்கத் தனியாகப் பாட வேண்டும். நான் பாட்டைக் கேட்கவில்லை, விலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரிந்தது. நீளமான கடைசி வரியை உடைக்காமல் இழுத்து முடித்தாள். ஞானம்மாள் முன்னால் பார்க்காமல், சுற்றியிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கேட்டார்களா என்று தெரிய வேண்டுமே.

வெளியே வந்ததும் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து என்னிடம் இழுத்து வந்தார்.

“டாக்டரம்மா, இவ மகன் கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினியரிங் படிக்கான். விடிஞ்சா எந்திரிக்க மாட்டான், காலேஜ் பஸ்ஸ விட்டுருவான். சோம்பேறின்னு இவ வைதுக்கிட்டே கெடக்கா. நான் அவனக் கேட்டேன், நடந்தா வலி கொறையுதாடான்னு. கொறையுதுங்கான். விலாவுல கைய வச்சிப் பாத்தேன். சரியா விரியல. நாளைக்கே கூட்டியாறேன்.”

மறுநாள் கூட்டி வந்தார். மதுரைக்கு அனுப்பினேன். அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம்.

எஸ்தருக்கு நோய் போய்விடவில்லை. மருந்தும் பயிற்சியும் தொடர்கின்றன, எப்போதாவது மோசமான வாரமும் வருகிறது. ஆனால் பிள்ளையை இப்போது பள்ளிக்கு அனுப்புவது அவள்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வலி எங்கே என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள், எந்த நேரத்தில் என்றும் கேளுங்கள். கூட வந்தவர் குறை சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள், பாதி நோய் விவரம் அதில்தான் இருக்கும். பிறகு அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, அவர் கையை எடுத்து நோயாளியின் விலாவில் வையுங்கள்.