அக்கா பதிந்து வைக்காத சொற்கள்

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு முனையைக் கணினியில் செருக வேண்டும். மறுமுனையில் ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டு துளைகள். அம்பத்தூரில் ஒரு செல்போன் கடையில் வாங்கிய மலிவான சவுண்ட் அடாப்டர். அக்கா இறந்த பிறகும் அவளுடைய பழைய லேப்டாப்பிலேயே அது இருக்கிறது. கழற்ற எனக்குக் கை வரவில்லை.

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று மருத்துவர் சொன்னதும், மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அக்காதான் என்னிடம் கேட்டாள். "நீ கம்ப்யூட்டர்லதானே வேல செய்யற? என் பேச்ச அதுல புடிச்சு வெக்க முடியாதா?"

முடியும் என்றேன். அவள் பேசுவதைப் பதிவுசெய்து, விசைக்கு ஒரு வாக்கியமாகக் கொடுத்துவிட்டால், பிறகு விசையைத் தட்டும்போது அவள் குரலிலேயே கணினி பேசும். ஆனால் அந்த லேப்டாப்பில் மைக்கைச் செருகினால் குரலுக்கு மேல் ஒரே இரைச்சல். அதற்காகத்தான் அடாப்டர். அதைப் போட்டதும் இரைச்சல் அடங்கியது. கொரட்டூர் வீட்டுப் படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசினாள். "பாப்பா, இங்க வா." "சாப்ட்டியா?" "என் சமத்து." ரயில் சத்தம் கேட்டால் அது போகும்வரை காத்திருப்போம்.

"திட்டறதுக்கும் ரெண்டு வெச்சுக்கோக்கா" என்றேன்.

"போடி. இருக்கப்போறது கொஞ்ச நாளு. அதுல எதுக்குத் திட்டிக்கினு?"

அறுவைசிகிச்சைக்குப் பிறகு வீடு அந்தக் குரலுக்குப் பழகிக்கொண்டது. முதலில் அம்மாவின் மூடிய வாயையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்த அக்கா மகள் பாப்பாகூட, பிறகு கூப்பிட்டவுடன் ஓடிவந்தாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு.

ஒரு சாயங்காலம் கீழ்வீட்டு அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "மொட்ட மாடி செவுத்துமேல ஏறி உக்காந்துகினு கீதும்மா உன் பொண்ணு! நான் பாக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?"

அக்கா லேப்டாப்பைத் திறந்து ஒரு விசையைத் தட்டினாள். "பாப்பா, இங்க வா" என்றது அது, கொஞ்சலாக. இன்னொன்றைத் தட்டினாள். "சாப்ட்டியா?" கண்ணில் நீர் வழிய, கை போன போக்கில் மறுபடி தட்டினாள். "என் சமத்து."

பாப்பா வீறிட்டு அழுதாள். "அது வேணாம்மா. நீ என்ன திட்டும்மா!"

அக்கா அவளை இழுத்து எதிரே நிறுத்தி, இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு திட்டினாள். உதடுகள் மட்டும் படபடவென்று அசைந்தன. ஓசையே இல்லை. அறுவைசிகிச்சையில் கழுத்தில் போட்டிருந்த துளை வழியாக மூச்சு சீறிக்கொண்டிருந்தது. பாப்பா அம்மாவின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"சரிம்மா... இனிமே போமாட்டேம்மா... சரிம்மா..."