வெறும் இரும்பும் பல் டாக்டரும்

"ஆ காட்டு... இன்னும் கொஞ்சம். வலிக்காது" என்று கொஞ்சிக்கொண்டே, துருப்பிடித்த நட்டின் மரைக்குள் பல் சுரண்டும் கொக்கியை விடுகிறார் டாக்டரம்மா. நோயாளிகளிடம்கூட அவர் இவ்வளவு இதமாகப் பேசுவதில்லை என்பது அவருடைய கணவரின் நெடுநாள் மனக்குறை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பல் மருத்துவமனையைப் பூட்டினால் நேரே கார் ஷெட்தான். டாக்டரம்மாவைவிட இரண்டு வயது மூத்த கார் ஒன்று அங்கே நிற்கிறது. பழைய இரும்புக் கடையில் நசுங்கக் காத்திருந்ததை மீட்டு வந்தார். பெயின்ட் அடிப்பதை அவர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. குறையை மூடி மறைக்கிற வேலையாம் அது. அவருடைய உயிரெல்லாம் பெயின்ட் பூசாத வெறும் இரும்பில். நட்டும் போல்ட்டும் வினிகரில் ஊறும். பிறகு சோடா மாவுத் தண்ணீரில் ஒரு குளியல், பல் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு, கடைசியில் ஹேர் டிரையர். வாங்கி எட்டு வருஷமான அந்த டிரையர் இதுவரை ஒரு தலைமுடியைக்கூடப் பார்த்ததில்லை. ஈரம் போனதும் மெழுகு, அதுவும் மூச்சு விட்ட மாதிரி மெல்லிசாக. "பூசினது தெரியக் கூடாது. தெரிஞ்சா அது மெழுகு இல்ல, மேக்கப்பு" என்பார்.

மெழுகு ஏறும்வரை வெறுங்கை படவே கூடாது. வியர்வையின் உப்பு ஒரே நாளில் துருவாகிவிடும். கணவர் கணக்கு வாத்தியார்; ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு விடைத்தாள் திருத்துவதோடு சரி. அவருடைய தம்பிதான் ஒருமுறை பாசத்தோடு இரும்பைத் தடவிக் கொடுத்து, ஐந்து விரலையும் பழுப்பு நிறத்தில் பதித்துவிட்டுப் போனவர். அன்றிலிருந்து அவர் பெயர் உப்புக்கை. அவர் வந்தால் டாக்டரம்மா ஒரு கையில் டீயும் மறு கையில் பிஸ்கட்டும் திணித்துவிடுவார். தீரத் தீர நிரப்புவார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் கண்காட்சி. வியாழக்கிழமை சாயங்காலம், முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்து வைத்திருந்த காரின் முன் அச்சில் மெழுகு பூசக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நட்டநடுவில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"யாரு கைன்னு தெரியட்டும். ஞாயித்துக்கிழமை அவங்க பஸ்ல வரட்டும்" என்றார்.

உப்புக்கைக்கு உடனே ஆள் போயிற்று. முன்சீட்டில் உட்கார்ந்து போவதற்காகப் புதுச்சட்டை தைத்து வைத்திருந்த மனிதர். "நேத்து இங்க இருந்த நேரம் முழுக்க ரெண்டு கையிலயும் டீயும் பிஸ்கட்டும் வச்சிருந்தேன், அண்ணி. எதால தொடுறது, மூக்காலயா?" என்றார் பரிதாபமாக.

டாக்டரம்மா பல் அச்சு எடுக்கும் ரோஸ் நிற மெழுகை வெந்நீரில் இளக்கி, மூன்று வில்லைகளாகக் கிள்ளி வைத்தார், ஒன்று உபரி. உப்புக்கை கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை அழுத்தினார். வாத்தியார் சொத்துப் பத்திரத்தில் வைப்பதுபோல நிதானமாக வைத்தார். பூதக்கண்ணாடி வந்தது. கார் அச்சிலிருந்த ரேகையின் குறுக்கே வெட்டினாற்போல ஒரு கோடு. இரண்டு வில்லையிலும் அப்படியொரு கோடு இல்லை.

"ரெண்டு பேப்பர் திருத்தியாச்சு. மூணாவது இன்னும் வரலையே" என்றார் வாத்தியார், உபரி வில்லையை மனைவியிடம் நீட்டி.

தான் கையுறை இல்லாமல் ஷெட்டுக்குள் கால் வைத்ததே கிடையாது என்று டாக்டரம்மா வாதாடினார். வாத்தியார் குரலை உயர்த்தவில்லை. "நேத்து யாரோ பல்வலின்னு போன் பண்ணாங்க. கையுறைய கழட்டின. பேசிக்கிட்டே அச்சைப் பிடிச்சு எந்திரிச்ச. எனக்கு எங்கே தைரியம் சொல்ல?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றி மெழுகில் கட்டைவிரலை வைத்து எடுத்தார். தொழிலுக்கு வந்த முதல் வருஷம் ஆறு வயது நோயாளி ஒன்று கடித்த தழும்பு, ரேகையின் குறுக்கே பளிச்சென்று விழுந்திருந்தது.

"என்ன அண்ணி, கோடு இருக்கா?" என்று உப்புக்கை கழுத்தை நீட்டினார்.

அவர் பார்வை எட்டுவதற்குள் டாக்டரம்மா வில்லையைப் பிசைந்து, உருட்டி, வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டார்.