நேபாளத்தில் எடுத்த படம்

கணவர் இறந்து ஒரு வருடமாகியும் புனேயின் சாங்வி பகுதியில் இருக்கும் பியூலா அழவில்லை. கல்லறைத் தோட்டத்திலேயே அழவில்லை. சபையாருக்கு அது பொறுக்கவில்லை. ஊழியம் செய்தால் மனம் இளகும் என்று சொல்லி, மிஷன் குழுவோடு பத்து நாள் நேபாளத்துக்கு அனுப்பினார்கள். மலைக்கிராமத்துப் பள்ளியில் சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், திரும்பி வந்தாள்.

ஞாயிறு ஆராதனையில் படங்களைத் திரையில் போட்டார்கள். ஒன்றில் பியூலா யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருந்தாள், கன்னமெல்லாம் கண்ணீர். படம் எடுத்த அன்று பள்ளி அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது.

"கல்லான இருதயத்தைக் கர்த்தர் உடைச்சிட்டார், ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டர். சபையே கை தட்டியது.

பக்கத்திலிருந்த மகள் ஷெரின் அவள் கையைப் பிடித்தாள். "மம்மி, டாடிக்காக அழுதியா? அப்போ இனி நானும் அழலாமா?"

பியூலா திரையைப் பார்த்தபடியே, "ம், அழு" என்றாள்.