புளிக் காலத்தில் வந்த இங்ரித்

பெங்களூரில் என் தங்கை வீட்டுப் பக்கம் பெரிய கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். போன வாரம் அங்கே புளி வாங்கினேன். கண்ணாடித் தாளுக்குள் செங்கல் மாதிரி அமுக்கி வைத்த புளி. 'கொட்டை நீக்கியது' என்று மேலே அச்சடித்திருந்தார்கள். யார் நீக்கியது என்று அச்சடிக்கவில்லை. வரிசையில் நின்றபடியே தாளின் ஓரத்தை நகத்தால் கிழித்து மோந்து பார்த்தேன். கல்லாவில் இருந்த பெண் முறைத்தாள். முறைக்கட்டும். அதற்குள் நான் முப்பது வருஷம் பின்னால் போய், தருமபுரி பஸ் ஸ்டாண்டில், மே மாதத்து மத்தியானத்தில், கையில் அரளி மாலையோடு நின்றுகொண்டிருந்தேன்.

தருமபுரியின் மே மாதம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வெயில் அங்கே வானத்திலிருந்து பாதி, பாறையிலிருந்து பாதி வரும். எனக்கு இருபது வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து மிஷன் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நார்வேயிலிருந்து ஓர் இளம்பெண் கோடை முழுக்க ஊழியம் செய்ய வருகிறார், இண்டூரில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப் பள்ளி நடத்தப் போகிறார், அவர் பேசுவதைத் தமிழில் சொல்வது உன் வேலை என்று சொல்லியிருந்தார்கள். என் இங்கிலீஷ் அப்போது காகிதத்தில் நன்றாக நடக்கும், வாய்க்கு வந்தால் நொண்டும்.

சேலம் பஸ்ஸிலிருந்து கடைசி ஆளாக இறங்கினார் இங்ரித். தொப்பூர் வளைவுகளில் மூன்று தடவை வாந்தி எடுத்தார் என்று கண்டக்டர் சாட்சி சொல்வதுபோல் என்னிடம் சொன்னார். ஒரு தகரப் பெட்டி, தோளில் சுருட்டிய துணிப் படங்கள். மாலையைப் போட்டேன். மூன்று நாளாக மனப்பாடம் செய்த வரவேற்பு வாக்கியம் பாதியில் அறுந்து தொங்கியது. காப்பாற்றியது அவர்தான். "சகோதரரே, எனக்குத் தண்ணீர் தாரும்" என்றார். வேதப் புத்தகத்தை வைத்தே படித்த தமிழ். பக்கத்தில் முறுக்கு விற்றவர், "குடு சாமி, ஜபம் பண்ற மாதிரியே கேக்கறாங்க" என்றார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எங்கள் போதகர் ஐயா தெற்கத்திக்காரர். அவர் ஊரில் பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே பிள்ளைகள் ஆலய வளாகத்தில் நிறைந்துவிடுவார்களாம். இங்கேயும் அப்படித்தான் என்று மே மாதத்தை அவரே குறித்துவிட்டு என்னைக் கேட்டார்: "நீ இந்தப் பக்கத்துப் பையன்தானே, மே மாசம் சரியா இருக்கும்லா?"

"ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க ஐயா" என்றேன்.

பொய். மே மாதம் எங்கள் பக்கம் புளி தட்டும் காலம். தருமபுரி புளி மண்டிக்கார பாய் வண்டியில் மூட்டைகளைக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு இறக்கிவிட்டுப் போவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கல்லின் மேல் வைத்துக் கட்டையால் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். பிள்ளைகள் கை இல்லாமல் அது நடக்காது. பள்ளிக்கூடம் லீவு விடுவதே இதற்குத்தான் என்று பத்து வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். விரல் நுனி வெடிக்கும், நகம் கறுத்துப்போகும். ஜூனில் வாத்தியார் கையை நீட்டு என்றால் பின்னால் ஒளித்துக்கொள்வோம். அந்தக் கையைச் சாக்பீஸ் பிடித்துப் பிடித்து வெளுக்க வைத்திருந்தேன். ஐயாவிடம் புளி என்று வாய் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். அதற்குப் பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

இண்டூரில் ஓலைக் கொட்டகை, பாய், மணி எல்லாம் தயார். இங்ரித் மணி அடித்தார். ஓர் ஆடு வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுநாளும் அடித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐயா வந்தார். "சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். பிள்ளைக வரலைன்னா மிஸ்ஸியம்மாவை ஏற்காட்டுக்கு அனுப்பிருவோம். வெள்ளைக்காரங்க கோடைக்கு அங்கதான் இருப்பாங்க, குளுமையா இருக்கும்."

மொழிபெயர்த்தேன். இங்ரித் மணியைக் கீழே வைத்தார். "நான் குளிரிலிருந்து வந்தவள். திரும்பவும் குளிரில் போய் உட்காரவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார். மறுநாள் காலையில் மணியைத் தொடவே இல்லை. "பிள்ளைகள் எங்கேயோ இருக்கிறார்கள் அல்லவா? அங்கே கூட்டிப் போ."

முதலில் எதிர்ப்பட்டது மாதம்மாள் வீட்டு வாசல். அவரும் மூன்று பிள்ளைகளும் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டப் டப்பென்று சத்தம். காற்றே புளித்துக் கிடந்தது. வாயில் தானாக எச்சில் ஊறியது.

"புள்ளைங்களப் பாடத்துக்கு அனுப்பச் சொல்றாங்க" என்றேன்.

"அனுப்பறேன் சார், அதுக்கென்ன. இந்த மூட்டையைத் தட்டிக் குடுத்துட்டு மிஸ்ஸியம்மாவையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

பக்கத்து வாசல்களில் சிரிப்பு. கேலியை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன், அவரும் சிரித்துவிட்டுக் கிளம்புவார் என்று நினைத்து. அவர் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கட்டைக்குக் கை நீட்டினார்.

மாதம்மாள் முகம் மாறியது. "சார், மொதல்லயே சொல்லிப்போடுங்க. பிரிச்ச மூட்டையை அன்னிக்கே முடிக்கணும். உக்காந்தவங்க பாதியில எந்திரிக்கக் கூடாது." எங்கள் பக்கத்துக் கறாரான வழக்கம் அது. பிரித்த மூட்டை ராத்திரி தங்கினால், எடை குறைந்த பழி அந்த வீட்டின் மேல் விழும். சொன்னேன். "சரி" என்று தமிழிலேயே பதில் வந்தது.

மாதம்மாளின் நடுப்பெண் சரசுவுக்கு எட்டு வயது இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மிஸ்ஸியம்மா, நீங்க கல்லைத் தட்டறீங்க, புளி இந்தப் பக்கம் கெடக்குது" என்றாள். நான் வெள்ளைச் சட்டையோடு வேப்பமர நிழலில் நின்றிருந்தேன். வெயில் சாயும்போது இங்ரித்தின் விரல்களில் வெடிப்பு விட்டிருந்தது. மூட்டையில் பாதி மிச்சம். புளிப்பு வெடிப்பில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று அந்த வாசலில் எனக்கும் தெரியும். ஒரு தடவையாவது என்னை நிமிர்ந்து பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பார்க்கவில்லை.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கைக்கு எதுவும் மறக்கவில்லை. ஒரே தட்டில் கொட்டை தெறித்து விழுந்தது.

மாதம்மாள் தட்டுவதை நிறுத்தினார். "இது புளி தெரிஞ்ச கையாச்சே. எந்த ஊருங்க சார்?" ஊரைச் சொன்னேன், அம்மா பெயரைச் சொன்னேன். "அட, நம்ம பக்கத்து ஊருப் புள்ள. அப்பறம் எதுக்கு மூணு நாளா மணியடிச்சிட்டு உக்காந்திருந்தீங்க?"

"என்ன கேட்கிறார்?" என்றார் இங்ரித்.

என்னைக் கேட்ட கேள்வியை நானே மொழிபெயர்த்தேன். பதிலையும் சொன்னேன், ஐயாவிடம் மறைத்தது வரைக்கும். இங்ரித் அடுத்த புளியைக் கல்லில் வைத்துத் தட்டினார். "நாளைக்கு எந்த வீடு?" என்று மட்டும் கேட்டார்.

இப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம் வாசல் வாசலாக நடந்தது. துணிப் படங்களைப் பிரிக்கவே இல்லை. கண்ணும் கையும் புளியில் இருக்க, எல்லோருக்கும் காது மட்டும்தான் காலி. அவர் ஒரு வாக்கியம் சொல்வார், கட்டைச் சத்தத்துக்கு மேல் கத்தி நான் ஒரு வாக்கியம் சொல்வேன். நூறில் காணாமல்போன ஒரே ஆட்டைத் தேடிப் போனவர் கதையில் சரசு மறித்தாள். "தொண்ணூத்தொம்போது ஆட்டையும் காட்டுல வுட்டுட்டா போனாரு? நரி புடிச்சிருக்குமே. யாரு பாத்துக்கிட்டா?" தங்கள் ஊரில் யாரும் இதைக் கேட்டதில்லை என்று இங்ரித் சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை ஐயாவின் ஜீப் வந்தது. வாசலில் பதினேழு பிள்ளைகள், நடுவில் எண்ணெய்த் துணி சுற்றிய விரல்களோடு இங்ரித், அவர் பக்கத்தில் கறுத்த நகங்களோடு நான்.

"என்னப்பா இது, வேதப் பள்ளியா, மண்டியா?"

இங்ரித் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதை மொழிபெயர்க்காமல் எழுந்து நின்றேன். "ஐயா, மே மாசம் பிள்ளைங்க வராதுன்னு எனக்கு முன்னாடியே தெரியுங்க. நானும் புளி தட்டி வளந்தவன்தான். வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டேன். தப்பு என்னுதுங்க. அவங்கள அனுப்பிடாதீங்க."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டப்பமே சொல்லிருக்கணும்லா" என்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், இங்ரித்தின் கையைப் பார்த்தார். "ஏற்காட்டுக்கு எழுதின கடுதாசியை இன்னும் தபால்ல போடல. சரி, நடத்துங்க." ஜீப் தகரப் பெட்டி இல்லாமலே திரும்பியது.

ஆடிக் காற்று எழும் வரை இங்ரித் இருந்தார். ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. கிளம்பும் சமயத்தில் சரசுவை விட வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய் இரண்டு கடிதம் போட்டார், அப்புறம் இல்லை.

இப்போது தருமபுரிக்கு வெளியே புளிக்கு இயந்திரம் வந்துவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் பஸ் நிறுத்தம். மாதம்மாளும் இல்லை, ஐயாவும் இல்லை. போன வருஷம் அந்த நிறுத்தத்தில் சரசுவைப் பார்த்தேன், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறார். "ஆட்டுக் கதை சொன்னீங்களே சார்" என்று அவர்தான் அடையாளம் கண்டுபிடித்தார்.

"அது மிஸ்ஸியம்மா சொன்னது. நான் தமிழ்ல சொன்னேன், அவ்வளவுதான்."

"மிஸ்ஸியம்மாவா?" நெற்றியைச் சுருக்கினார். "அப்பிடி யாரும் ஞாபகம் இல்லீங்களே. நீங்க சொன்னீங்க, எங்கம்மா மூட்டை பிரிச்சாங்க, நாங்க தட்டுனோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பிள்ளைகளுக்குப் புரிந்தது என் குரல்தானே. புரியாத குரல் முப்பது வருஷத்தில் காற்றோடு போய்விட்டது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். பஸ்ஸும் வந்து நின்றது. அதைப் போகவிட்டேன்.

"கொஞ்சம் உக்காரும்மா" என்றேன். "உனக்கு இடது பக்கம்தான் உக்காந்திருந்தாங்க."