உயிரோடு சுவரேறியவர்

காலை எட்டு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். கடை திறந்து ஷட்டர் மேலே சுருண்டால் அதில் தீட்டிய படமும் சேர்ந்து போய்விடும். செவேரோ முப்பத்தொரு வருடமாக அந்த நேரத்தை விட்டதில்லை. கையில் காகிதக் கோப்பையில் பால் காப்பி, கக்கத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டிப் பொட்டலம். பிராங்க்ஸில் தன் பேட்டையின் ஆறு தெருக்களையும் நிதானமாகச் சுற்றி வருவார். மளிகைக்கடை ஷட்டரில் கொண்டை சிலிர்த்த சேவல். மீன்கடையில் கொட்டாவி விடும் கடற்கன்னி. முடிவெட்டும் டாட்டோவின் கடையில் கால் முளைத்து ஓடும் கத்தரிக்கோல். அதைப் பார்த்துத் தினமும் சிரிப்பார், அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பதுபோல.

போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தவர். படித்தது நாலாம் வகுப்பு. இரவல் ஜாக்கியை வைத்துத் தொழில் ஆரம்பித்து, மூலையில் டயர் கடையும் அதன்மேல் மாடிவீடும் சொந்தமாக்கியவர். டயரைத் தட்டிப் பார்த்தே ஆணி எங்கே என்று சொல்வார். சுவரைப் பார்த்தால் யார் கை தீட்டியது என்று சொல்வார். பெரிய படிப்பு படித்தவர்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிய சீட்டைப் படித்துத்தான் அதைச் சொல்ல முடியும். அவருக்குச் சீட்டு வேண்டாம்.

அவர் கடையின் பக்கச் சுவர்தான் அந்தப் பேட்டையிலேயே பெரியது. அதை மினர்வாவுக்கு விட்டிருந்தார். ஸ்ப்ரே டப்பாவை வைத்துக்கொண்டு கண்ணிமை மயிரைக்கூடத் தனித்தனியாகக் காட்டுகிறவள் அவள். சுவரில் பதினோரு முகங்கள். பதினோரு பேரும் செத்துப்போனவர்கள். அங்கே வழக்கம் அதுதான். செத்தவர் முகம் மட்டுமே சுவரில் ஏறும். ஏறிய முகத்தை யாரும் மூடமாட்டார்கள். கடை கைமாறினாலும் சரி, சாயம் உதிர்ந்தாலும் சரி, மேலே வெள்ளையடிக்க எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

எழுபது நெருங்கியபோது செவேரோவுக்கு ஆசை வந்தது.

"என் படத்தையும் போடும்மா."

மினர்வா சிரித்தாள். அங்கே பெரியவர்களை மரியாதையாக 'டோன்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். "என்ன அவசரம் டோன் செவேரோ? நடுவுல நல்ல இடமா ஒதுக்கி வச்சிருக்கேன். நேரம் வரட்டும்."

"நேரம் வந்தா நான் எப்படிப் பாக்குறது? ஊரு படத்தையெல்லாம் ரசிச்சவன், என் படத்தைப் பாக்காம போகணுமா?"

"உசுரோட இருக்கிறவங்களை அங்க ஏத்தக்கூடாது. ஏத்தினா சுவரு அவங்களைக் கொண்டுபோயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"இது என் சுவரு. செங்கல் செங்கலா சம்பாதிச்சது."

ஒரு வாரம் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு வந்தாள். கண்ணைத் தீட்டமாட்டாள், வெள்ளையாக விட்டுவிடுவாள். கண் இல்லாத ஆளைச் சுவருக்கு அடையாளம் தெரியாதாம். செவேரோ சரி என்றார். பின்னால் கடை தெரிய வேண்டும், மாடி ஜன்னலில் பெலேன் இருக்க வேண்டும், அது போதும் என்றார். பெலேன் அவர் மனைவி. அவள் இல்லாத ஜன்னலை நாற்பத்து நான்கு வருடத்தில் அவர் நினைத்தே பார்த்ததில்லை.

மூன்று நாளில் படம் முடிந்தது. சாய்த்து வைத்த தொப்பி, நிமிர்ந்த நெஞ்சு, ஒரு மாடி உயரத்துக்குச் செவேரோ. எதிர்ச்சாரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். டயர் மாற்ற வந்தவர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வைத்தார்.

நாலாம் நாள் காலை, படத்தின் கீழே கண்ணாடிக் குவளையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"யோவ், நேத்து ஒரு அம்மா உனக்காக என் கடையில அழுதுட்டுப் போச்சு," என்றான் டாட்டோ. "எப்படிப் போனாருன்னு கேட்டுச்சு. பெருமை பீத்திப் பீத்தியே வெடிச்சுட்டாருன்னு சொன்னேன்."

"நல்லாச் சொன்னே. பொணத்துக்கு முடிவெட்ட நீதான் வரணும், ஓசியில."

பெலேன் மட்டும் அந்தச் சுவர்ப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை செவேரோ அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"உனக்குக் கண்ணு வைக்கல."

"அதான் தந்திரம்."

"எனக்கு வச்சிருக்கா."

அவர் சுவருக்குக் கிட்டே போனார். படத்து ஜன்னலில் உள்ளங்கை அளவு முகம். அதில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். சின்ன உருவம்தானே என்று மினர்வாவின் கை பழக்கத்தில் வைத்துவிட்டது. அந்தப் புள்ளிகள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நவம்பரில் பெலேன் மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். பிறகு கால்வாசியில். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அதற்குள் மூன்றாகியிருந்த மெழுகுவர்த்திகள் அந்த வாரம் இடம் மாறின. மூன்றும் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தன. செவேரோ அவற்றைத் தன் படத்தின் கீழே நகர்த்தி வைத்தார். மறுநாள் காலை நான்காகி, மறுபடியும் ஜன்னலுக்குக் கீழே. யார் வைத்தது என்று கேட்டதற்குத் தெருவில் ஒவ்வொருவரும் அடுத்தவர் கடையைக் கைகாட்டினார்கள்.

மினர்வாவைத் தேடிப் போனார். "ஜன்னலை மூடு. வெள்ளையடி."

"ஏறின முகத்தை மூடினா, அவங்களை நாமளே புதைச்ச மாதிரி. என்னால முடியாது." அவள் அழுதாள். "சத்தியமா நான் கவனிக்கலை டோன் செவேரோ."

அவரே மூடிவிடத் தூரிகையை எடுத்துக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு நேரே நின்று பார்த்தார். கை எழவில்லை. அப்படியே விட்டுவைக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அன்று முழுக்க ஒரு டயரையும் தொடவில்லை. சுவரைக் கிளறிவிட்டவர் அவர். சுவர் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் ஏணியைச் சாத்தினார். கடையில் இருந்த கறுப்புச் சாய டப்பாவோடு ஏறி, தன் படத்துக்கு வலக்கண்ணை வைத்தார். பிறகு இடக்கண்.

"இறங்குய்யா, பைத்தியக்காரா!" கீழேயிருந்து டாட்டோ கத்தினான்.

"எப்படி இருக்கு?"

டாட்டோ அண்ணாந்து பார்த்தான். முதல் தடவையாக அவனுக்குக் கேலி வரவில்லை. "என்னையே பாக்குதுய்யா."

"பாக்காம? இந்தப் பேட்டையில இதைவிட நல்ல கண்ணு எங்க இருக்கு, காட்டு."

பத்தாம் நாள் பெலேன் வீடு திரும்பினாள். கடையருகே வந்தபோது செவேரோ சுவரைப் பார்த்தார். குவளைகள் ஏழு. ஏழும் அவர் படத்தின் கீழே. அவள் மாடிப்படியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. நேரே போய் ஜன்னலருகில் உட்கார்ந்து காப்பி கேட்டாள். அவர் கொண்டுவந்து நீட்டினார்.

அவள் கோப்பையை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்ன கிழவா, அடுப்படியில இருந்து இங்க வர்றதுக்குள்ள இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"