நாரத்தங்காயும் இரண்டு லிட்டர் பையும்

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுபோன பின், அந்த வேலையை அவள் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சவ்வு பார்க்கிறது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக இரண்டு லிட்டர் சர்க்கரைக் கரைசலை உள்ளே விட்டு, நாலு மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். அதற்குள் இரத்தத்தில் தேங்கிய கழிவுகள், தாங்கள் குறைவாக உள்ள கரைசல் பக்கம் தாமாகவே பரவி வந்துவிடும். உடம்பில் மிஞ்சிய நீரைச் சர்க்கரை சவ்வு வழியே இழுத்துக்கொள்ளும். ஆகவே வெளியே வருவது உள்ளே போனதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நீர் முதலில் காலில் தங்கும், பிறகு நுரையீரலில்.

காப்பிப் பழம் நிறுத்த பழைய தொங்கு தராசில்தான் பையை மாட்டி நிறுக்கிறேன். காலிப் பையின் எடையைக் கழிக்க ஒருநாளும் மறந்ததில்லை.

கோவில் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு பை மாற்ற அறை இல்லை.

"கெடக்கட்டும் உடுங்க" என்றாள் அவள். "உப்புப் போட்ட நாரத்தங்கா ஊற ஊறத்தான தண்ணி உடும்? இதுவும் அப்பிடித்தான்."

படித்த எனக்கும் அது சரியாகப் பட்டது.

காலையில் உள்ளே விட்டதை மாலையில்தான் எடுத்து நிறுத்தேன். இரண்டு லிட்டர் உள்ளே போனது. வந்தது ஒன்றே முக்கால். தராசைச் சந்தேகப்பட்டு, கடையில் வாங்கிய ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை மாட்டிப் பார்த்தேன். முள் சரியாக ஒன்றில் நின்றது.

சேலத்து ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குப் போன் செய்து நாரத்தங்காய்க் கணக்கைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"ஏனுங்கய்யா, நாரத்தங்கா ஜாடியில கெடக்குது. அம்மா வயித்துல ரத்தமில்ல ஓடுது? சர்க்கரையும் சவ்வு தாண்டி ரத்தத்துல கலந்துருங்க. அப்புறம் தண்ணிய இழுத்துப் புடிக்க அங்க என்ன இருக்குது? வந்த தண்ணியும் திரும்பிப் போயிருங்க."

அதன் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. சில வாரம் கணக்குச் சரியாக வந்தது. பிறகு நேரத்துக்கு எடுத்தும் குறைய ஆரம்பித்தது. சர்க்கரை கூடிய பை போட்டோம், அதுவும் அப்படித்தான். வருடக்கணக்கில் சர்க்கரை நீர் பட்டுச் சவ்வே மாறிவிட்டதாம். சர்க்கரையைச் சட்டென்று இரத்தத்துக்குள் விட்டுவிடுகிறதாம். மெதுவாகப் போ என்று சர்க்கரையிடம் யார் சொல்வது? சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறென்ன செய்ய?

இப்படியே போனால் வாரம் மூன்று நாள் சேலத்துக்கு வந்து இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் மலைக்கு ஏற இருபது கொண்டை ஊசி வளைவு, இறங்க இருபது. வாரத்துக்கு நூற்றிருபது. இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுப்பவள் அவள்.

"மூணு நாளு எறங்கி ஏறுனா நான் பஸ்ஸுலயே போய்ச் சேந்துருவேன்" என்பாள்.

இன்று காலை முள் இரண்டைத் தொடவில்லை. மறுபடி மாட்டினேன். தொடவில்லை. முன்பெல்லாம் "எத்தனைங்க?" என்று கேட்பாள். இப்போது என் முகத்தைப் பார்த்ததோடு சரி. பெருவிரலால் தன் கணுக்காலை அமுக்கினாள். விழுந்த குழி எழும்பவில்லை. சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போயிரலாமா, புள்ள?" என்றேன்.

"போலாங்க. ரெண்டு எலுமிச்சம்பழம் எடுத்து வெச்சிருக்கறேன்."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு உங்களுக்கு. வளைவ எண்ணிக்கிட்டே வந்தா உங்களுக்குத்தான் நொம்பத் தல சுத்தும்."