பெரியப்பா ஒட்டிய பக்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் உயிரோடு இருக்கும்வரை மனசு வரவில்லை. இப்போது இருவரும் கர்த்தரிடம் போய்விட்டார்கள். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பழக்கம் இல்லாதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். எண்பதுகளின் கடைசி, நான் சின்னப் பெண். பெரியப்பா சபைக் கமிட்டியில் இருந்தவர். வீட்டுக்குள் எந்தப் புத்தகம் வந்தாலும் அவர்தான் முதலில் படிப்பார். விசுவாசிகள் படிக்கக் கூடாது என்று அவருக்குப் படுகிற இடத்தில் பழைய காலண்டர் தாளை வெட்டி மைதாப் பசையால் ஒட்டிவிடுவார். பிறகுதான் புத்தகம் பெண்கள் கைக்கு வரும்.

அவருடைய மகன், என் அண்ணன், கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்து பிழைத்தவன். வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில் பெரியப்பா அதைச் சாட்சியாகச் சொல்வார். "வேற எந்த வாசலையும் மிதிக்கல. முழங்கால்லதான் நின்னேன்" என்பார். சபையே அழும். அவருக்கு அங்கே இருந்த மரியாதை முழுவதும் அந்தச் சாட்சியின் மேல்தான் நின்றது. அண்ணனுக்கு வலிப்பு வந்த சமயம் பெரியம்மா காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்குத் தெரிந்ததும் அந்தச் சாட்சி மட்டும்தான்.

சபைப் பெண்கள் கைமாற்றிப் படித்துக்கொண்டிருந்த ஒரு மர்மக் கதை அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பழங்கால ரோமாபுரியில் நடக்கிற கதை. ரோமாபுரி என்றதும் அப்போஸ்தலர்கள் வருவார்கள் என்று பெரியம்மா ஆசையாக வாங்கிக்கொண்டார்.

அப்போஸ்தலர் யாரும் வரவில்லை, கொலைதான் வந்தது. ஒரு பிரபு தன் வீட்டிலேயே செத்துக் கிடக்கிறார். வாசலில் இருக்கவேண்டிய காவல்காரன் அந்த நேரம் அங்கே இல்லை. எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். அவன் மறைவாக ஜெபிக்கிற விசுவாசி. சிங்கத்துக்குப் போடப்போகிறார்கள். கதை அவ்வளவு தூரம் வந்து, அடுத்த பக்கம் முழுக்கக் காலண்டர் தாள். அதைத் தாண்டினால் காவல்காரன் விடுதலையாகி வீட்டுக்கு நடந்துபோகிறான். கொன்றது பிரபுவின் தம்பி என்று கடைசியில் வருகிறது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. காவல்காரன் எங்கே போயிருந்தான்?

மற்ற ஒட்டுகளை வெயிலில் தூக்கிப் பிடித்தால் எழுத்து தெரியும். பெரியம்மாவும் நானும் அப்படித்தான் படிப்போம். இந்தப் பக்கத்தில் மட்டும் தாளுக்கு மேல் தாள் ஒட்டியிருந்தது.

"விக்கிரகத்துக்குப் படையல் போட்டிருப்பாங்க, விடுங்கக்கா" என்றார் அம்மா. பெரியம்மாவால் விடமுடியவில்லை. அரிசி களையும்போதுகூட, "பாவம்டி, எங்கதான் போயிருப்பான்?" என்று என்னிடம் கேட்பார்.

பக்கத்து வீட்டு அக்காவும் வாங்கிப் படித்தார். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம்; நிலத்தை மனை போட்டு விற்றவர்கள். காலமாகிவிட்ட அவர் மாமியார், அம்மன் கோவிலில் குழந்தைகளுக்கு வேப்பிலை அடித்து மந்திரித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் பெரியப்பா ஆபீஸ் போனபிறகு அக்கா புத்தகத்தோடு பெரியம்மாவிடம் வந்து நின்றார்.

"இன்னாம்மா கதை இது? காவக்காரன் எங்க போனான்னே சொல்லல?"

"எங்க வீட்டுக்காரர் ஒட்டிட்டாருங்க."

"ஏன், அவருதான் கொலை பண்ணாரா? இட்லி குண்டான்ல தண்ணி கொதிக்குது, வா சொல்றேன்."

பெரியம்மாவும் நானும் அக்காவின் சமையற்கட்டுக்குப் போனோம். ஆவியில் நான்தான் பக்கத்தைக் காட்டினேன். தாள் நெகிழ்ந்து வந்தது. பசை ஊறிய எழுத்தை அக்கா கூட்டிக் கூட்டி வாசித்தார். காவல்காரனுடைய குழந்தைக்குக் கடும் ஜுரம். ஜெபித்து ஜெபித்துப் பார்த்துவிட்டு, ஆற்றின் நடுவே இருந்த வைத்தியத் தெய்வத்தின் கோவிலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். அது சபையாருக்குத் தெரிவதைவிடச் சிங்கமே மேல் என்று வாயை மூடியிருக்கிறான். கோவில் பூசாரியே வந்து சொன்னபிறகுதான் அவனை விட்டிருக்கிறார்கள்.

"அட, இதுக்கா இவ்ளோ பசை?" என்று அக்கா சிரித்தார். "பெத்த கொயந்தைக்குக் கண்ணு சொருவ சொல்லோ எந்த அப்பன் சும்மா குந்திகினு இருப்பான்? உங்க வூட்டுக்காரரு வர்ல? தம்பிக்கு வலிப்பு வந்தப்போ, மழையில, எங்க மாமியார்கிட்ட தூக்கிகினு வந்தாரே! நான்தான் வெளக்கு புடிச்சேன்."

பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. "உனக்குத் தெரியாதா? ஐயோ, நான் ஒரு லூசு..."

"உங்க வீட்ல மைதா இருக்கா?" என்றார் பெரியம்மா.

அங்கேயே பசை காய்ச்சி, இரண்டு தாளையும் பழையபடி ஒட்டினார். ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி நீவி விட்டார்.

அன்று சாயங்காலம் பெரியப்பா சாப்பிடும்போது, "அந்தப் புஸ்தகம் முடிச்சியா?" என்றார்.

"முடிச்சேன்."

"அந்தக் காவல்காரன்..."

"எங்க போனான்னுதான் தெரியல. ஆனா நல்ல மனுஷன். விட்டுட்டாங்கல்ல, அது போதும் எனக்கு."

பெரியப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்றார் பெரியம்மா.

ஒட்டைப் பிரித்தது தெரிந்தால் திட்டு விழும் என்று பயந்துதான் பெரியம்மா அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மறுநாள் புத்தகம் வேறொரு சபைக்காரர் வீட்டுக்குப் போயிற்று. அது பயம் இல்லை என்று தெரிய எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறக்கவேண்டியிருந்தது.

அண்ணன் பிழைத்தது கர்த்தருடைய கிருபை. இன்றும் அப்படித்தான் விசுவாசிக்கிறேன். அந்த மழையில் பெரியப்பா நடந்ததும் அந்தக் கிருபைக்குள்தான் அடங்கும் என்று நினைக்கிறேன். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். பெரியப்பாவைப் பொய்ச்சாட்சிக்காரர் ஆக்கவேண்டாம், பிரசங்கமும் ஆக்கவேண்டாம். ரசம் ஊற்றியதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.